தலை இடிக்காத சீட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு காரின் சீட்டுகள் அத்தனைக்கும் புது உறை மாட்டி முடித்தேன். கார்க்காரர் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பேச்சே இல்லாமல் இருந்தார். சுகத்தில் வாயடைத்துப்போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். போகும்போது, "கொஞ்சம் வழுக்குது" என்றார். உயர்ந்த ரெக்சின் வழுக்கத்தான் செய்யும். அதையும் பாராட்டாகவே வரவு வைத்திருக்கிறேன்.

வண்டி சீட் தைப்பதில் இந்த வட்டாரத்தில் எனக்கு அடுத்த ஆள் இன்னும் பிறக்கவில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நஷ்டம் பள்ளிக்கூடத்துக்கு.

சாயங்காலம் தங்கச்சி கடைக்கு வந்து பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்தாள். அவள் முகம் சரியில்லை. மாப்பிள்ளையின் டிப்போ மேனேஜர் போன் செய்தாராம். அடுத்த மாதக் கடைசிக்குள் வந்து பஸ்ஸை எடுக்கவில்லை என்றால் மாப்பிள்ளைக்கு இனிமேல் கேட் வேலைதான். பஸ் வந்தால் கம்பியைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும்.

"அவரு சரின்னுட்டாருண்ணா. ஒரு சண்டைகூடப் போடல. அதான் பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போன மழைக்காலத்தில் மலைப்பாதை வளைவில் தப்பான பக்கம் ஏறி வந்த ஒரு லாரிக்காக மாப்பிள்ளை பஸ்ஸை ஒடித்துத் திருப்பினார். பஸ் பள்ளத்தில் சாய்ந்தது. மண் இளகியிருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். ஒரு அம்மாவுக்கு மட்டும் கை ஒடிந்தது, அதுவும் கூடிவிட்டது. இவர்மேல் தப்பே இல்லை என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் அன்றிலிருந்து மனுஷர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எங்கே போனாலும் நடை. வண்டியில் ஏறியே ஆகவேண்டும் என்றால் கடைசி சீட்டில் உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொள்வார்.

"நீ வீட்டுக்குப் போ. அண்ணன்கிட்ட ஒரு திட்டம் இருக்கு" என்றேன்.

திட்டம் ஒன்றும் இல்லை. சொன்ன பிறகுதான் யோசிக்கவே ஆரம்பித்தேன். என் வாய் எப்போதும் முன்னால் போகும். மூளை பின்னால் வேறு வண்டி பிடித்து வரும்.

மார்ச் 5, வியாழன்

மூளை வந்து சேர்ந்துவிட்டது. குளிக்கும்போது, சோப்பு நுரை கண்ணில் எரிந்த நேரத்தில்.

மணற்பாறைகள்! மாப்பிள்ளை ஓட்டிய வழியில், மலைப்பாதை இறங்கியதும், சிவப்பும் மஞ்சளுமாகக் கூட்டம் கூட்டமாக நிற்கும். முன்னொரு நாள் அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்: "மச்சான், அந்தப் பாறைங்கள தினம் போகும்போதும் பாக்கறேன், வரும்போதும் பாக்கறேன். ஒரு நாள்கூட இறங்கித் தொட்டதில்ல. அங்க ஸ்டாப்பிங் கிடையாது."

ஸ்டாப்பிங் நான் போடுகிறேன். மூன்று வரிசை சீட் உள்ள என் பழைய வேன் வண்டியில் எல்லோரும் போகிறோம், பாறைகளுக்கு நடுவே நடக்கிறோம். அதற்குப் பிறகு என்ன? தெரியாது. அவரை வீட்டைவிட்டு வெளியே இழுத்தால் போதும். மிச்சத்தை வழி பார்த்துக்கொள்ளும்.

மார்ச் 8, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனோம், நானும் இவளும் (என் மனைவிக்கு இங்கே 'இவள்' என்றுதான் பெயர்). மாப்பிள்ளை பால்கனியில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊற்றிய தொட்டிக்கே மறுபடியும் ஊற்றினார்.

பாறைகளைப் பற்றி எடுத்துவிட்டேன். யானை உயரம் என்று ஆரம்பித்து, பேச்சு சூடேறியதும் நாலு மாடி உயரம் ஆக்கினேன். உள்ளே நுழைந்தால் வெயிலே படாது, சுவரில் கைவைத்தால் மணல் சட்டையில் ஒட்டும், சாயங்காலத்தில் பாறை தீப்பிடித்ததுபோல ஜொலிக்கும் என்றேன்.

"மாமா, நீங்க எப்பப் போனீங்க?" என்றாள் தங்கச்சி மகள். அவளுக்கு நான் வைத்த பெயர் வக்கீல். படிப்பது கம்ப்யூட்டர்தான், ஆனால் கேட்கிறதெல்லாம் குறுக்கு விசாரணை.

"போட்டோவுல பாத்தேன். நல்லாப் பாத்தேன்."

மாப்பிள்ளை குவளையைக் கீழே வைத்தார். "யாரு ஓட்டறது?"

"வேற யாரு? நான்தான்."

தங்கச்சி தலையில் கைவைத்துக்கொண்டாள். பிறகு வக்கீல், "உங்க வண்டியில பிரேக் இருக்கா மாமா?" என்றாள்.

"இருக்கும். எனக்கு அவ்வளவா தேவைப்படறதில்ல."

மாப்பிள்ளையின் உதடு ஓரம் லேசாக இழுத்தது. நான் பார்த்தேன். தங்கச்சியும் பார்த்தாள்.

"கடைசி சீட்டுன்னா வரேன்" என்றார்.

மார்ச் 11, புதன்

கடைசி சீட்டா? அவருக்கு ராஜ சிம்மாசனமே போட்டுவிடுகிறேன். இன்று மற்ற வேலையெல்லாம் ஓரம்.

மணற்பாறை எப்படி உண்டாகிறது என்று வக்கீல் போனில் படித்துச் சொன்னாள். மணல் மேல் மணல் படிந்து, அழுத்தி அழுத்தி, கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாக இறுகிவிடுமாம். அட, நம் தொழில்தான்! நானும் பஞ்சுமேல் பஞ்சு ஒட்டி, மேலே பலகை வைத்து, பலகைமேல் நானே ஏறி உட்கார்ந்து அழுத்துகிறேன். எனக்குக் கோடி வருஷம் ஆவதில்லை, பசை காய்கிற நேரம் போதும். அந்த விதத்தில் இயற்கையைவிட நான் கொஞ்சம் சுறுசுறுப்பு.

ஒரு அடுக்கு போதும் என்றது கை. இரண்டு போடு என்றது வாய். வாய் சொன்னபடி செய்தேன். ஓரத்துக்குச் சிவப்புக் கரை வைத்துத் தைத்தேன், பாறை நிறத்தில். இவள் வந்து பார்த்துவிட்டு, "இதென்ன சீட்டா, மேடையா?" என்றாள். இவளுக்கு ரசனை கம்மி. என்னைக் கட்டிக்கொண்டது ஒன்றுதான் இவள் ரசித்துச் செய்த காரியம்.

மார்ச் 15, ஞாயிறு

ஒத்திகை ஓட்டம். எவ்வளவு பெரிய பயணமானாலும் முன்னால் ஒத்திகை பார்ப்பது என் வழக்கம் (இன்றிலிருந்து).

மாப்பிள்ளை சிம்மாசனத்தில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். வக்கீல் போனோடு என் பக்கத்தில். தங்கச்சியும் இவளும் நடுவில். முதல் வேகத்தடையில் பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் பலமாக. பள்ளிக்கூட வாசலில் இருந்தது பெரிய வேகத்தடை. அதில் கேட்ட சத்தத்துக்கு நானே பயந்துவிட்டேன்.

"மச்சான்!" என்று குரல் வந்தது. "வேகத்தடைன்னா வேகத்தக் குறைக்கறதுக்கு. ஏறிக் குதிக்கறதுக்கு இல்ல."

கண்ணாடியில் பார்த்தேன். உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் திறந்திருந்தது! வண்டி ஓடும்போது கண் திறந்திருந்தது! இரண்டு அடுக்குப் பஞ்சில் தலை கூரைக்குப் போய்விட்டிருக்கிறது.

வண்டியை நிறுத்தச் சொல்லி, நடு சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். இதெல்லாம் என் திட்டத்தில் இருந்ததுதான் என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

பஞ்சைக் குறைக்கலாமா என்று இவள் கேட்டாள். குறைக்க மாட்டேன். நல்ல சீட்டுக்கு ஏற்ற ஓட்டுநர் வேண்டும், அவ்வளவுதான்.

எழுதிவிட்டுத்தான் யோசித்தேன், நான் யாரைக் குறை சொல்கிறேன் என்று.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டாம் ஒத்திகை. ஊர் எல்லை வரை.

நடு சீட்டில் இருந்தால் முன்கண்ணாடி வழியாகச் சாலை முழுக்கத் தெரியும். அதுதான் வம்பு. "கியர மாத்துங்க... அழுவுது பாருங்க வண்டி." "அந்த ஆட்டோ திரும்பப் போறான்." "கை காட்டல, ஆனா திரும்பத்தான் போறான்." ஆட்டோ திரும்பியது. எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "முன் சக்கரம் சொல்லுதே" என்றார்.

இவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள்: "கண்ண மூடிக்கங்கண்ணே. நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து இவர் வண்டியில அப்படித்தான் போறேன்."

"மூடினா தூக்கமாவது வருதாம்மா?"

"எங்க வருது!"

அப்போது அவர் சொன்னார்: "என் பஸ்ஸுல ஏறினவங்க கொஞ்ச நேரத்துல தூங்கிடுவாங்க. டிரைவருக்கு அதுக்கு மேல ஒரு சர்டிபிகேட் கிடையாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கச்சி அவர் முழங்கையைத் தொட்டாள்.

என் வண்டியில் இதுவரை யாரும் தூங்கியதில்லை. பயணம் அவ்வளவு சுவாரஸ்யம்.

திரும்பும்போது வக்கீலுக்குக் குமட்டல். என் பிரேக்கும் அவள் போனும் ஒத்துப்போகவில்லை. பின்னால் போய்ச் சிம்மாசனத்தில் சுருண்டு படுத்துவிட்டாள். முன் சீட் காலி. மாப்பிள்ளை அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "யாராவது ஒருத்தர் வழியப் பாக்கணும்ல" என்று யாரிடமோ சமாதானம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

கடைசியிலிருந்து நடு. நடுவிலிருந்து முன்.

வண்டியைத் துடைக்கும்போது பார்த்தேன். முன் சீட்டுக்கு எதிரே தரை விரிப்பு ஒரே இடத்தில் கசங்கிக் கிழிந்திருக்கிறது. வலது கால் வைக்கிற இடம். அங்கே பிரேக் கிடையாது. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை மனுஷர் அதை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறார்.

மார்ச் 29, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாம் ஒத்திகை. மாப்பிள்ளை ஏறும்போதே முன் சீட்டில் ஏறினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டிக்கொண்டே பேசினேன் — இல்லை, பேசிக்கொண்டே ஓட்டினேன். சந்து முனையில் பிளாஸ்டிக் வாளி விற்கிற தள்ளுவண்டிக்காரர் வந்தார். பார்த்தேன். அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய் அந்த ஆளின் இடுப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. வாளியெல்லாம் தெருவில் உருண்டது.

அவருக்கு ஒன்றும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. நன்றி, நன்றி, யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை, எல்லோருக்கும் நன்றி.

மாப்பிள்ளை இறங்கினார். முகத்தில் ரத்தமே இல்லை. வாளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, அளவு பார்த்து அடுக்கிக் கொடுத்தார். அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பிறகு என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார்.

தங்கச்சி போன் செய்தாள். "நீ ஒண்ணும் பண்ண வேணாம்ணா. அவரு கதவச் சாத்திக்கிட்டாரு. கேட் வேலைக்கே போகட்டும். உசுரோட இருந்தாப் போதும்."

என்னத்தச் சொல்ல? நல்லது பண்றேன்னு போய் இருக்கறதையும் கெடுத்துட்டு வந்து நிக்கறேன். நான் நிஜமாவே அவ்வளவு மோசமாத்தான் ஓட்டறேனா? இவளிடம் கேட்டேன். இவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் வைத்தாள். அதிலேயே தெரிந்துவிட்டது.

மார்ச் 30, திங்கள்

கடை திறந்தேன். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

மார்ச் 31, செவ்வாய்

காலையில் கடைக்கு வந்தால் என் வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. தெரிந்த செருப்பு.

"டார்ச் பிடிங்க மச்சான்" என்றார், கீழே இருந்தபடியே.

வாயைத் திறக்காமல் பிடித்தேன். இவள் நம்ப மாட்டாள், ஆனால் உண்மை.

வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இந்த அளவுக்குக் கோபமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "பிரேக் கட்டை தேஞ்சு தகடு மாதிரி இருக்கு. எப்ப மாத்தினீங்க?"

"போன..." என்று ஆரம்பித்தேன். எந்தப் போன என்று எனக்கே தெரியவில்லை.

"இத வச்சுக்கிட்டுத்தான் என் பொண்டாட்டி பிள்ளைய ஏத்திக்கிட்டுத் திரிஞ்சீங்களா?"

மெக்கானிக் பட்டறை தெருவின் மறுகோடியில். ஓட்டினால் இரண்டு நிமிஷம். "நீங்க ஸ்டியரிங்கப் பிடிங்க, நான் தள்ளறேன்" என்றார். வெயிலில் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தார். பிரேக் மாட்டி முடியும்வரை மெக்கானிக்கின் தலைமேலேயே நின்று, இது சரியில்லை, அதை இறுக்கு என்று பாடாய்ப் படுத்தினார். மெக்கானிக் என் காதில், "யாரு சார் இவரு?" என்று கேட்டான்.

"எங்க மாப்ள. அம்பது பேரோட உசுரக் கையில வச்சு ஓட்டினவரு." முதல் தடவையாக, கூட்டிச் சொல்லத் தேவையில்லாத ஒன்றைச் சொன்னேன்.

திரும்பும்போது கேட்டார்: "நான் வரலேன்னா பாறைக்குப் போகாம இருந்துடுவீங்களா?"

"போவேன்."

"அதான். நான் கூட வரலேன்னா நீங்க ஒருத்தரும் போய்ச் சேர மாட்டீங்க." பெருமூச்சு விட்டார். "முன் சீட்டு எனக்கு."

ஏப்ரல் 5, ஞாயிறு

தங்கச்சி வீட்டு மேஜையில் திட்டக் கூட்டம். தலைமை நான். முடிவெடுத்தது மற்றவர்கள்.

வக்கீல் வரைபடம் போட்டுக் காட்டினாள். நேர் வழியில் போனால் மலைப்பாதை, அந்த வளைவு. அதனால் பாலம் தாண்டியதும் இடது பக்கம் பிரிந்து சுற்றிப் போகலாம் என்றாள். ரொம்பச் சுற்று. மாப்பிள்ளை மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். "சுத்துவழியே போலாம்" என்றேன். "எனக்குச் சுத்தறதுதான் பிடிக்கும்."

சாப்பாட்டுப் பொறுப்பு இவளும் தங்கச்சியும். பாறைக்கு நடுவே நடப்பதற்கு நல்ல செருப்பு, தண்ணீர், தொப்பி. நான் பயிற்சியில் இருக்கிறேன். எங்கள் குடியிருப்பின் படிக்கட்டை இன்று பத்துத் தடவை ஏறி இறங்கினேன். இரண்டு தடவை என்று இவள் சொல்கிறாள். இரண்டாவது தடவை பாதியில் மூன்றாம் மாடி வீட்டில் தண்ணீர் கேட்டு உட்கார்ந்துவிட்டேனாம். அது மரியாதைக்காகப் போனது.

முன் சீட்டுக்கு எதிரே புது விரிப்பு தைத்துப் போட்டேன். வலது கால் படும் இடத்தில் ரெக்சினை மூன்று மடிப்பாக வைத்தேன். அழுத்தட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

நாளை. வண்டியைக் கழுவினேன். கண்ணாடியை மட்டும் மூன்று தடவை துடைத்தேன், அழுக்கு அதிகம் என்பதால்.

ஏப்ரல் 11, சனி

பாறைகளுக்குப் பக்கத்து விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டினால் கெட்டுவிடும்.

விடிந்ததும் கிளம்பினோம். மாப்பிள்ளை முன்னால், பெண்கள் இருவரும் நடுவில், வக்கீல் பின்னால். பாலம் வரும்போது நான் ஒரு பெரிய மனிதரின் காருக்குச் சீட் தைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் அவர் என் கையைப் பிடித்துக் கண்ணீர் விடுகிற கட்டம். வக்கீல் பின்னாலிருந்து "மாமா, லெஃப்ட், லெஃப்ட்!" என்று கத்தினாளாம். எனக்குக் காதில் விழவில்லை. என் குரல்தான் எனக்குக் கேட்டது.

கதை முடிந்தபோது சாலை மேலேறத் தொடங்கியிருந்தது.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. "இது அந்த ரோடு."

"திருப்பிடறேன்" என்றேன். திருப்ப இடமில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம். பதற்றத்தில் கிளச்சை விட்டுவிட்டேன் போல, ஏற்றத்தின் நடுவில் வண்டி உதறிக்கொண்டு நின்றுவிட்டது. பின்னால் பாரம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கி வந்தது. கிளப்பினேன், அணைந்தது. கிளப்பினேன், அணைந்தது. மூன்றாவது முறை வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. தங்கச்சி என் தோளைப் பிடித்து அலறினாள்.

ஹேண்ட் பிரேக் 'கர்ர்' என்று ஏறியது. ஏற்றியது என் கை இல்லை.

வண்டி நின்றது. மாப்பிள்ளையின் கை பிரேக்கிலேயே இருந்தது. கை நடுங்கியது, ஆனால் பிடி நடுங்கவில்லை. அப்படி ஒன்று உண்டு, நான் பார்த்தேன். ஜன்னல் வழியாக மறு கையை நீட்டி, லாரியை நிற்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"இறங்குங்க மச்சான்."

இறங்கினேன். பிடித்த கையை விடாமலே அவர் இந்தப் பக்கம் நகர்ந்தார். கால் பிரேக்கில் பட்ட பிறகுதான் கை விட்டது. நான் ஓடிப்போய்ப் பின்னால் வக்கீல் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். லாரிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. அந்த முகம் தெரியாத மனுஷருக்கு நான் ஆயுசுக்கும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

பிறகு சாவியைத் திருப்பினார். அந்த ஏற்றத்தில், ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகாமல் வண்டி முன்னால் நகர்ந்தது. பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவதுபோல.

வளைவு வந்தது. ஓரத்தில் புதிதாகக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். வேகத்தைக் குறைத்து, பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"புல்லு முளச்சிருச்சு" என்றார்.

தங்கச்சி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவள் அவளை அணைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை கியரை மாற்றினார்.

மலை இறங்கியதும் ஓரம் கட்டினார். இனி நான் ஓட்ட வேண்டும் போலிருக்கிறது என்று இறங்கத் தயாரானேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "எங்க கிளம்பிட்டீங்க? தண்ணி குடிக்கத்தான் நிறுத்தினேன். அந்த சீட்ட தச்சது நீங்கதானே, உக்காந்து அனுபவிங்க" என்றார்.

அனுபவித்தேன். பாறைகள் வரும்வரை எத்தனையோ பள்ளம், எத்தனையோ வேகத்தடை. நான் உட்கார்ந்திருந்தது அதே இரண்டு அடுக்குப் பஞ்சில். தலை ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

நடந்தோம்! பாறைகள் நாலு மாடி உயரம் இல்லை. ஐந்து மாடி. இந்த ஒரு தடவை நான் குறைத்துச் சொல்லிவிட்டேன்.

கோடு கோடாக, அடுக்கடுக்காக — சிவப்பு, மஞ்சள், நடுவில் வெள்ளைக் கீற்று. யாரோ பெரிய கைக்காரர் பஞ்சு அடுக்கி வைத்ததுபோல. ஓரங்கள்கூட உருட்டித் தைத்த மாதிரி. காற்றுதான் இப்படிச் செதுக்கியது என்று வக்கீல் சொன்னாள். நல்ல வேலைக்காரக் காற்று. நான் தொழிலாளிக்குத் தொழிலாளி மரியாதை செய்கிறவன், பாறையைத் தட்டிக்கொடுத்தேன்.

மாப்பிள்ளை முதல் பாறைக்குப் பக்கத்தில் போய் உள்ளங்கையை வைத்தார். அப்படியே நின்றார். கையை எடுத்துப் பார்த்தார். மணல் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு சந்து. எல்லோரும் நுழைந்துபோய்விட்டார்கள். நான் நுழைந்தபோது பாறை என்னைப் பிரியமாகக் கட்டிப்பிடித்துக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை.

"மூச்ச விடுங்க மாமா!"

"விட்டுட்டேன்டி!"

"பேசறத நிறுத்துங்க. அப்பத்தான் முழுசா போகும்."

இவள் அந்தப் பக்கம் நின்று சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மாப்பிள்ளை என் கையைப் பிடித்து இழுக்க, வக்கீல் பின்னாலிருந்து தள்ள, சட்டைப் பித்தான்களைப் பாறைக்குக் காணிக்கையாக விட்டுவிட்டு வெளியே வந்தேன். தங்கச்சி சிரித்துச் சிரித்துக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று! இதற்காக இன்னும் நாலு சந்தில் மாட்டிக்கொள்ளத் தயார்.

உச்சியில் ஒரு தட்டையான பாறை. அதில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கீழே அவருடைய சாலை கயிறுபோலக் கிடந்தது. தூரத்தில் ஒரு பஸ் ஏற்றத்தில் ஏறுகிற உறுமல் கேட்டது. மாப்பிள்ளை வாயருகே கொண்டுபோன கையை நிறுத்திக் காது கொடுத்தார்.

"நாலாம் கியருல இழுக்கறான், பாரு. அந்த ஏத்தத்துக்கு மூணு போதும். இஞ்சின் என்னத்துக்கு ஆகும்?" என்றார். பிறகு, "புதுப் பையனா இருக்கும். பக்கத்துல உக்காந்து யாராவது சொல்லித் தரணும்" என்றார்.

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

இளகிய மண்ணுக்கு நன்றி. தேய்ந்துபோன பிரேக் கட்டைக்கு நன்றி. என் செவிட்டு வாய்க்கு நன்றி.

ஏப்ரல் 13, திங்கள்

திரும்பி வந்தோம், நேர் வழியிலேயே. இவள் தூங்கினாள். தங்கச்சி தூங்கினாள். வக்கீல் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். நான் மட்டும் விழித்திருந்தேன். சர்டிபிகேட்டை யாராவது ஒருத்தர் பார்க்க வேண்டாமா?

ஏப்ரல் 14, செவ்வாய்

சீட்டின் தையல் இடுக்கில் சிவப்பு மணல். தட்டிவிடவில்லை. இருக்கட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மத்தியானம் கடை வாசலில் ஒரு தள்ளுவண்டி வந்து நின்றது. வாளிக்காரர்! மாப்பிள்ளைக்கும் அவருக்கும் இப்போது நல்ல சிநேகமாம். வாளிகளுக்கு நடுவில் ஒரு பஸ் டிரைவர் சீட், கழற்றிக் கொண்டு வந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர் மாப்பிள்ளை.

"மச்சான், இடுப்புக்குக் கொஞ்சம் தாங்கல் வேணும். ரொம்ப உயரம் வேணாம். உங்க திறமையக் காட்டிடாதீங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அளவு நாடாவை எடுத்து அவர் முதுகை அளந்தேன். அளவு எனக்குத் தெரியும், ஆனாலும் அளந்தேன். பழைய உறையைப் பிரித்தால் பஞ்சில் ஒரு ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருந்தது. புதுப் பஞ்சை அந்தப் பள்ளத்துக்குப் பொருத்தமாகவே வெட்டினேன். ஒரே அடுக்கு. கை சொன்னபடி.

ஏப்ரல் 30, வியாழன்

கடைக்கு விடுமுறை விட்டுவிட்டு மாப்பிள்ளையின் பஸ்ஸில் ஏறினேன். எங்கேயும் போக வேண்டிய வேலை இல்லை. அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நேரே கடைசி சீட்டுக்குப் போனேன்.

பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவரிடம், "டிரைவர் யாருன்னு தெரியுமா உங்களுக்கு? எங்க மாப்ள. அவரு உக்காந்திருக்கற சீட்ட தச்சது யாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தேன்.

அந்தக் கதையை நான் முடிக்கவில்லை. பெரியவர் தோளைத் தட்டி எழுப்பியபோது ஜன்னலுக்கு வெளியே பாறைகள் வந்துவிட்டிருந்தன.